கஞ்சாவும் மனநிலையும்: சில கேள்விகள், பதில்கள்

போதை மீட்புப் பிரிவில் நெடுநாள் பணியாற்றிவரும் மனநல மருத்துவன் என்ற முறையில் இப்பதில்களை எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு செடியின் புகை மனத்தை மாற்றுகிறது என்றால், மூளையில் அதற்கென ஓர் இடம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அது கஞ்சாவுக்காக ஏற்பட்ட இடமன்று. ஒரு நரம்பணு அடுத்த அணுவுக்கு ரசாயனத் தூது அனுப்பும்போது, பெற்றுக்கொள்ளும் அணு ‘போதும், குறைத்துக்கொள்’ என்று எதிர்த்திசையில் ஒரு பதிலை அனுப்புவதுண்டு. அந்தப் பதிலைச் சுமப்பவை, மூளை தானே வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு மட்டும் தயாரித்து விரைவிலேயே சிதைத்துவிடும் கொழுப்புச் சேர்மங்கள். அவற்றுள் முதலில் அகப்பட்டதற்கு 1992-இல் ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நாம் அன்றாடம் சொல்லும் ஆனந்தம்தான் அது. கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. 1964-இலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது, அது சென்று ஒட்டும், நரம்பணுவின் மேல் தூதைப் பெற்றுக்கொள்ளும் இடமான சி.பி.1 என்னும் ஏற்பி 1988-இல்தான் தெரியவந்தது. அதாவது திருடன் முதலில் பிடிபட்டான், பூட்டு பிறகு கிடைத்தது, வீட்டுக்காரர் கடைசியாக வந்தார்.

டி.எச்.சி. அந்த ஏற்பிகளில் இடம் பார்க்காமல், ஒரே நேரத்தில், மணிக்கணக்காக அமர்ந்துவிடுகிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், அச்சத்தை எடைபோடும் அமிக்டலா, அசைவைச் சீராக்கும் சிறுமூளை, திட்டமிடும் முன்மூளைப் புறணி ஆகியவற்றில் இந்த ஏற்பிகள் நிறைந்திருக்கின்றன. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் அவை மிகக் குறைவு. அபினி வகைகளைப் போலக் கஞ்சா மூச்சை நிறுத்திவிடாததற்கு இதுவே காரணம்.

கேள்வி: புகைத்த பிறகு பேசிக்கொண்டிருக்கும் வாக்கியமே பாதியில் மறந்துபோகிறது. ஐந்து நிமிடம் அரைமணி நேரம்போல் நீள்கிறது. ஏன்?

வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் அதன் தொடக்கம் சில நொடிகளாவது கையில் இருக்க வேண்டும். அந்தச் சில நொடிகளைப் பிடித்துவைக்கும் வேலையைத்தான் டி.எச்.சி. குலைக்கிறது. பழைய நினைவுகள் அப்படியே இருக்கும், புதியவை பதியமாட்டா. காலம் நீள்வதும் இதே பொழுதில் நேர்வதுதான். கடந்த நேரத்தை மூளை உள்ளதைவிட அதிகமாக மதிப்பிடுகிறது. இந்த நிலையில் வண்டி ஓட்டுபவருக்குத் தாம் நிதானமாக ஓட்டுவதாகவே தோன்றும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் நண்பருக்கு அமைதி தரும் அதே பொருள் எனக்கு நெஞ்சுப் படபடப்பையும் சாவு பயத்தையும் தருகிறது. என்னிடம் ஏதேனும் குறையா?

குறை ஏதுமில்லை. சிறிய அளவில் பதற்றத்தைத் தணிப்பதும் அளவு கூடும்போது அதே பதற்றத்தைக் கிளப்புவதும் டி.எச்.சி.யின் இயல்பு, அந்த எல்லைக்கோடு ஆளுக்கு ஆள் மாறும். இதயத் துடிப்பு கூடுவதை ‘ஏதோ ஆகப்போகிறது’ என்று மனம் வாசித்துவிட்டால் பீதி தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். கஞ்சா கலந்த தின்பண்டங்களில் இந்த விபத்து அதிகம் நேர்கிறது. புகை சில நிமிடங்களில் வேலை செய்யும். உண்டதோ அரைமணி முதல் இரண்டு மணி நேரம் வரை பேசாமல் இருக்கும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டவர், இரண்டும் ஒருசேர ஏறிய பிறகே எங்களிடம் வருகிறார்.

கேள்வி: நிறுத்தினால் தூக்கம் வருவதில்லை, எரிச்சல் மேலிடுகிறது. மீண்டும் புகைத்தால் சரியாகிவிடுகிறது. என் பதற்ற நோய்க்கு இதுவே மருந்து என்பதற்கு இது சான்றாகாதா?

வந்த கேள்விகளில் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். ஏனெனில், நிறுத்த நினைத்தும் முடியாமல் போனவர்களில் பெரும்பாலோர் இதே தர்க்கத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

நாள்தோறும் டி.எச்.சி. வந்து குவியும்போது மூளை சும்மா இருப்பதில்லை. ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. அதன் பிறகு பழைய அளவு போதாது என்பது ஒரு பக்கம். மறு பக்கம், கஞ்சா இல்லாத நேரத்தில் மூளையின் சொந்த ஆனந்தமைடுக்கும் அமர இடம் குறைவு. ‘குறைத்துக்கொள்’ என்னும் பதில் போதிய வலுவோடு போய்ச் சேர்வதில்லை. எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற பதற்றம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் எழுகின்றன. அவை நிறுத்திய ஒன்றிரண்டு நாட்களில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமடைந்து, பெரும்பாலோரிடம் இரண்டு மூன்று வாரங்களில் அடங்குகின்றன. தூக்கம் சீராக மட்டும் இன்னும் சற்று நாளாகலாம். மூளைப் படப் பதிவுகளில், குறைந்த ஏற்பிகள் இரண்டு நாட்களிலேயே மீளத் தொடங்குவதும், ஏறத்தாழ நான்கு வாரங்களில் இயல்பை எட்டுவதும் தெரிந்திருக்கின்றன.

ஒருவர் ஐந்தாம் நாள் காலையில் வந்து, ‘இரவெல்லாம் கனவு, டாக்டர், பல வருஷமாகக் கனவே கண்டதில்லை, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?’ என்று கேட்டார். கஞ்சா கனவுத் தூக்கத்தை அடக்கிவைக்கும். எடுத்துவிட்டால் அடக்கியது பொங்கும். அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. ஐந்தாம் நாள் நிலையை வைத்து ‘இதுதான் என் உண்மையான மனநிலை’ என்று தீர்ப்பெழுதுவது, காய்ச்சல் நடுவில் நின்று உடல் எடையைக் கணிப்பது போன்றது. ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். அப்போதும் பதற்றம் மிஞ்சியிருந்தால் அது உங்களுடைய பதற்றம், அதற்கு நல்ல சிகிச்சைகள் உண்டு.

கேள்வி: கஞ்சா மனச்சோர்வைப் போக்குமா, உண்டாக்குமா?

அடிக்கடி புகைப்போரிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது. எது முந்தியது என்று பிரிப்பது கடினம். ஆனால் மூளையின் இந்த ஏற்பி அமைப்புக்கும் மனநிலைக்கும் உள்ள உறவுக்கு வேறொரு சான்று இருக்கிறது. சி.பி.1 ஏற்பியை அடைத்துப் பசியைக் குறைக்கும் ரிமோனபான்ட் என்னும் மருந்து 2006-இல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்காக அனுமதிக்கப்பட்டது. எடை குறைந்தது, கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன, 2008-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. மனத்தைச் சமன் செய்யும் இந்தத் தராசை எந்தப் பக்கம் அழுத்தினாலும் விலை உண்டு.

கேள்வி: ‘சி.பி.டி. மட்டும்’ என்று விற்கப்படுவது வேறா?

வேறுதான். அது கஞ்சாச் செடியிலேயே உள்ள மற்றொரு சேர்மம், போதை தராது. சில அரிய வலிப்பு நோய்களுக்கு மருந்தாகவும் ஏற்கப்பட்டிருக்கிறது. லேபிளில் உள்ளதே குப்பியிலும் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. சில மாதங்களாகப் புகைக்கிறான். மனச்சிதைவு நோய் வந்துவிடும் என்கிறார்களே, அம்மாவாக நான் எவ்வளவு பயப்பட வேண்டும்?

அம்மா, புகைப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் பயம் ஆதாரமற்றதும் அன்று. ஸ்வீடனில் ஏறத்தாழ 45,000 படைப்பணி இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியான ஆய்வில், ஐம்பது முறைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. மற்றக் காரணங்களைக் கழித்தபோது அது கணிசமாகக் குறைந்தது, மறையவில்லை. வீரியம் மிக்க வகையை நாள்தோறும் புகைப்பது, குடும்பத்தில் அந்நோய் இருப்பது, இளம் வயதிலேயே தொடங்குவது ஆகிய மூன்றும் ஆபத்தைக் கூட்டுகின்றன. முன்மூளை முதிர்வதற்கு இருபத்தைந்து வயதுவரை ஆகும் என்பதால் பதினாறு என்பது சிறிய வயதே.

அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில், எதற்காகப் புகைக்கிறான் என்று கேளுங்கள். தூக்கத்துக்கு என்றோ கூட்டத்தில் பேசும் பயத்துக்கு என்றோ சொன்னால், அதற்குத்தான் முதலில் வைத்தியம். தன்னைப் பற்றிப் பிறர் பேசுவதாக நம்புவது, யாருமில்லாத அறையில் குரல் கேட்பதாகச் சொல்வது, போதை இறங்கிய பின்னும் அது நீடிப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.