கிணறும் கோயிலும்

கேள்வி: நாலு மாதம் முன்பு எங்கள் புஞ்சையில் எரிவாயுக் குழாய்க்காக அளந்து கல் ஊன்றினார்கள். பூசை முடிந்ததும் ஊரைக் கூட்டிப் பேசலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். “நிலத் தகராறுக்குள் கோயிலை இழுக்காதே” என்றார். அன்றோடு பூசைக்குப் போவதை விட்டுவிட்டேன். அம்மாவை மட்டும் வாசலில் இறக்கிவிட்டு வெளியே நிற்கிறேன். ராத்திரி செபத்தை விட முடியவில்லை. இப்போது அரசிதழ் அறிவிப்பு வந்து பதினொரு நாள் ஆகிறது. கோயிலை விட்டவனுக்கு விசுவாசம் இருக்கிறதா? துணைக்கு யாரும் இல்லாமல் எதிர்த்து என்ன ஆகும்?
– ஒரு வாசகர், தேவகோட்டை வட்டம்

பதில்: முதலில் நாள் கணக்கு. 1962-ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி ஆட்சேபம் எழுத 21 நாள்தான். அதில் பதினொன்றை வருத்தத்திலேயே கழித்திருக்கிறீர்கள். சாமியார் கைவிட்டது காயம்தான். ஆனால் மனு எழுதாமல் இருந்தது உங்கள் தவறு.

நிலம் உங்களுடையதாகவே இருக்கும், உழலாம், விதைக்கலாம் என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, குளமோ கிணறோ வெட்டக் கூடாது. நம் செட்டிநாட்டுச் சீமையில் கண்மாய் பெருகாத வருஷம் அடிக்கடி வரும். அப்போது கிணறுதான் சோறு. அதை வெட்டும் உரிமைக்குச் சட்டம் தருவது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதத்துக்குத் தனியாகக் கிடைக்கும். இதை நியாயம் என்று என்னால் எழுத முடியாது.

பயப்படுகிறவனை விவரம் தெரியாதவன் என்று யாராவது சொன்னால், 2014 ஜூன் 27-ஐ நினைவுபடுத்துங்கள். ஆந்திராவில் நகரம் என்ற பெயருள்ள கிராமத்தில், மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள்.

இருந்தாலும் பொய் நம்பிக்கை தர மாட்டேன். கொங்கு மண்டலத்தில் கெயில் குழாயை எதிர்த்து ஏழு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். குழாயைச் சாலையோரமாகக் கொண்டுபோகச் சொல்லித் தமிழக அரசே 2013-ல் உத்தரவிட்டது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் நின்றது. ஆகவே திட்டத்தையே நிறுத்துவது ஒரு மனுவால் ஆகாது. ஆனால் புஞ்சையில் கிணறு இருந்தால், அதை விட்டுத் தள்ளிப் போகச் சொல்ல முடியும். குடியிருக்கும் இடத்திலும், வீட்டை ஒட்டிய மனையிலும், அறிவிப்புக்கு முன்பே நிலையான கட்டடம் இருந்த இடத்திலும் குழாய் பதிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் எங்குமே பதிக்கக் கூடாது. கிணறு, மோட்டார் ரூம், வீடு எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுதுங்கள். நேரில் சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். கேட்டாக வேண்டியது அவர்கள் கடமை.

இனி விசுவாசம். நான் உங்கள் கோயிலைச் சேர்ந்தவன் அல்ல. ஆனாலும் வேதாகமம் வாசித்திருக்கிறேன். நிலத் தகராறுக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை என்றால், நாபோத்தின் கதை அதில் ஏன் இருக்கிறது? முன்னோர் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை ராஜா விலைக்குக் கேட்டும் கொடுக்க மாட்டேன் என்றவன் அவன். அவனைக் கொன்று தோட்டத்தை எடுத்தபோது கடவுள் தீர்க்கதரிசி எலியாவை அனுப்பியது அரண்மனைக்காரனைக் கண்டிக்கத்தான். சாமியார் சொன்னது அவருடைய தயக்கம். அதை ஆண்டவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு நாலு மாதம் உங்களை நீங்களே வதைத்திருக்கிறீர்கள். வாசலுக்கு வெளியே நின்றாலும், ராத்திரி செபத்தை விட முடியாதவனிடம் விசுவாசம் இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன். திரும்ப உள்ளே போவதும் போகாததும் உங்கள் மனசு. அதற்கு 21 நாள் கெடு கிடையாது.

மனுவுக்குத்தான் உண்டு. அதுவும் காகிதம் கைக்கு வந்த நாளை நம்பாதீர்கள். அறிவிப்பில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால், வாரிசு என்று அம்மாவும் கையெழுத்துப் போடட்டும். வருகிற ஞாயிறு அவர் பூசை முடிந்து வெளியே வரும்போது, மனுவும் பேனாவும் உங்கள் கையில் இருக்கட்டும்.