பேட்டரி புதிது, ஆனாலும் பழைய கார் கிளம்பவில்லை. செல்ஃப் மோட்டாரை மாற்றலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: 98 மாடல் பெட்ரோல் கார், சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், பேட்டரி போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இதே ‘டக்’குக்காக ஒரு பேட்டரிக்கும் ஒரு செல்ஃப் ரிப்பேருக்கும் தண்டம் அழுதவன் நான்.

என்னுடையது மூன்று சிலிண்டர் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. புது பேட்டரி போட்டதும் இரண்டு நாள் நன்றாகக் கிளம்பியது, மூன்றாம் நாள் பழைய கதை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பேட்டரி சோர்ந்திருந்தால் லைட் அப்படியே மங்கிப்போக வேண்டும். மங்கவில்லை. பானெட்டைத் திறந்து, பக்கத்து வீட்டுப் பையனை விட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். நாலைந்து தடவை ‘டக்’. தற்செயலாக சோக் கேபிள் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்ப இழுக்கும் சோக்கின் கம்பி) மேல் கை பட்டது. சுட்டது! ஓடாத எஞ்சினில் கேபிள் எப்படிச் சுடும்?

எர்த் ஒயர்தான் காரணம். பேட்டரியின் மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் தடித்த ஒயர், போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துக் கிடந்தது. செல்ஃப் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். திரும்பிப் போக நேர்வழி இல்லாததால், பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்த அந்த ஒல்லி சோக் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. ஒரு ஹெட்லைட் பல்புக்கு ஐந்து ஆம்பியர் போதும், அதன் எர்த்தும் பாடியில் இருந்தது. அதனால்தான் லைட் மட்டும் ஜம்மென்று எரிந்தது.

உங்களுக்கு வேண்டியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றுதான். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் சும்மா நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், சாவியைத் திருப்பும்போதும் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் சந்தேகத்துக்குரியது, புதிதாக இருந்தாலும்.

விழவில்லையா? ஒரு முள்ளை பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, வேறு யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல எர்த் என்றால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். எனக்கு 5-க்கு மேல் காட்டியது. போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஆப்பசோடா கலந்த வெந்நீர் போதும். கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

எர்த்தும் சரி, பிளஸ் ஒயரும் சரி, செல்ஃபில் உள்ள சின்ன ஒயருக்குச் சாவி போட்டதும் 12 வருகிறது, அப்படியும் சுற்றவில்லை என்றால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும். அப்போதும் முழு மோட்டாரை மாற்றுவதற்கு முன் உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அப்புறம், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காதது வேறு நோய். ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் இல்லை, அல்லது பெட்ரோல் இல்லை. ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கையால் ஒரு இழுப்பு இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் அடுத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் ஓவராகிவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிடம் விட்டு, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல்தான் இறங்கும். பிளக் காய்ந்திருந்தால் கரண்ட் பக்கம் போகும் முன் ஒயர்களை ஒரு பார்வை பாருங்கள். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் எலி வேலையாகவும் இருக்கலாம்.