குட்டைக் குழல் ஷாட்கன்னோடு ஸ்கீட் சுடலாமா? அமெரிக்க வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்கிய 18.5 அங்குலக் குழல் பம்ப் ஷாட்கன் (முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளி அடுத்த தோட்டா ஏற்றும் வகை) ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. நண்பர்கள் ஸ்கீட் சுடக் கூப்பிடுகிறார்கள். இதை எடுத்துக்கொண்டு போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் ஆட்டங்களில் உங்கள் துப்பாக்கிக்கு நன்றாக ஒத்துவருவது ஸ்கீட்தான். டிராப் ஆட்டத்தில் தட்டு நம்மை விட்டு விலகி ஓடும். 30 கெஜம் தாண்டித்தான் பெரும்பாலும் உடையும். ஸ்கீட்டில் இரு ஓரங்களிலும் உள்ள இரண்டு ‘வீடு’களிலிருந்து தட்டுகள் பறந்து வரும். நின்று சுடும் இடங்களான ஸ்டேஷன்களில் ஏழு அரைவட்டமாக, தட்டுகள் குறுக்கே கடக்கும் நடுக்குச்சியிலிருந்து 21 கெஜத்தில் இருக்கும். எட்டாவது ஸ்டேஷன் இன்னும் கிட்டத்தில். இந்த வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் சோக் (ரவை விரிவதைக் குறைக்கக் குழல் முனையில் வைக்கும் இறுக்கம்) இல்லாத சிலிண்டர் குழல்தான் இருக்கும். 21 கெஜத்தில் அதன் ரவைகள் ஏறக்குறைய 30 அங்குல வட்டமாக விரியும். தட்டின் அகலம் நாலேகால் அங்குலம். ஸ்கீட்டுக்கென்றே விற்கிற சோக்கும் இதைவிடக் கொஞ்சம்தான் இறுக்கம்.

பின்கட்டை இல்லாமல் வெறும் கைப்பிடி மட்டும் உள்ள மாடல் என்றால் மட்டும் வேண்டாம். கன்னம் கட்டையில் பதியாமல் பறக்கும் தட்டை அடிக்க முடியாது. எதற்கும் கிளப்பின் விதிகளை முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், குழலை இன்னும் வெட்டிக் குறைக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். 18 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் பாயும். பதிவு செய்யாமல் வைத்திருப்பது பெரும் குற்றம்.

கேள்வி: நான் எச்‑1பி விசாவில் இருக்கிறேன். நண்பருடைய துப்பாக்கியை வாங்கி ஒரு சுற்று சுடலாமா?

பதில்: உங்கள் பெயரில் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இல்லாமல் தொடாதீர்கள். தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக்கூடாது என்பது ஃபெடரல் சட்டம். கிளப்பில் வாடகைக்கு எடுப்பதும் இதில் அடங்கும். அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம். நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: எந்தத் தோட்டா வாங்குவது?

பதில்: 9ஆம் எண் ரவை, இல்லையென்றால் 8. பெட்டியில் ‘டார்கெட் லோட்’ என்று போட்டிருக்கும். உங்கள் துப்பாக்கி எடை குறைந்தது, உதை அதிகம். அதனால் ரவை எடை ஒரு அவுன்ஸ், முடிந்தால் முக்கால் அவுன்ஸுக்குச் சற்று மேலே இருக்கும் 24 கிராம் லோட் எடுங்கள். பக்‌ஷாட், ஸ்லக் ஆகிய பெரிய குண்டுத் தோட்டாக்கள் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பையின் அடியில் ஒன்றுகூடக் கிடக்கக்கூடாது. குட்டைக் குழலின் சத்தம் காதைப் பிளக்கும். காதில் ஃபோம் அடைப்பான், மேலே இயர்மஃப் இரண்டையும் போடுங்கள்.

கேள்வி: முதல் ஸ்டேஷனிலும் ஏழாவதிலும் உடைக்கிறேன். மூன்று, நான்கு, ஐந்தில் ஒன்றுகூட விழவில்லை. குழல் குட்டையாக இருப்பதுதான் காரணமா?

பதில்: பாதிக் காரணம். அந்த மூன்று இடங்களிலும் தட்டு உங்களுக்கு நேர் குறுக்கே போகிறது. அதன் வேகம் நொடிக்கு 60 அடிக்கு மேல். ரவை 21 கெஜம் போய்ச் சேர நொடியில் பதினாறில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் தட்டு நாலடி நகர்ந்துவிடும். ஆக, தட்டுக்கு நாலடி முன்னால் சுட வேண்டும். சுட்ட பிறகும் துப்பாக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

குட்டைக் குழல் காலை வாருவது இங்கேதான். 28 அங்குலக் குழலுக்கு முன்பாரம் உண்டு. ஒருமுறை சுழற்றிவிட்டால் அந்த எடையே இழுத்துக்கொண்டு போகும். உங்களுடையது சட்டென்று கிளம்பும், விசையைத் தொட்ட நொடியில் சட்டென்று நின்றும்விடும். தட்டுக்குப் பின்னால்தான் சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அனேகமாக எல்லாத் தடவையும்.

தட்டு உடைய வேண்டிய இடத்தைப் பார்த்துக் கால்களை வையுங்கள். பிறகு இடுப்பைத் திருப்பி, தட்டு வெளிவரும் வீட்டுக்கும் நடுக்குச்சிக்கும் இடையில், வீட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் குழல் முனையை நிறுத்துங்கள். தட்டை விடச் சொல்லி ‘புல்’ என்று குரல் கொடுத்து, தட்டு வந்ததும் இடுப்பிலிருந்து திரும்புங்கள். கையால் மட்டும் தள்ளினால் நின்றுவிடும். கண் தட்டிலேயே இருக்கட்டும். குழல் நுனி மணியைப் பார்த்து அளக்க ஆரம்பித்தீர்களோ, துப்பாக்கி நின்றுபோகும்.

வீட்டிலும் பழகலாம். துப்பாக்கி காலி என்று அதன் தோட்டா அறையையும் (சேம்பர்) மேகசினையும் கண்ணாலும் விரலாலும் சரிபாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேலே முனையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஓட்டுங்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: இரட்டைத் தட்டுக்கு பம்ப் துப்பாக்கி சரிப்படுமா?

பதில்: சரிப்படும். வின்செஸ்டர் மாடல் 12 என்ற பம்ப் துப்பாக்கிக்கு ஸ்கீட் மாடலே இருந்தது. 1, 2, 6, 7 ஸ்டேஷன்களில்தான் இரட்டை, அதாவது இரண்டு வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் தட்டு பறக்கும். விலகிப் போகும் தட்டை முதலில் அடியுங்கள். உதை வரும்போதே பம்ப்பை முழுசாகப் பின்னுக்கு இழுங்கள். அரைகுறையாக இழுத்தால் அடுத்த தோட்டா ஏறாது.

கேள்வி: ஆர்வம் வந்துவிட்டது. புதுத் துப்பாக்கி வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் யாரிடமாவது ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள ஒரு நீளமான ஓவர்‑அண்டர் கேட்டு வாங்கி, நான்காவது ஸ்டேஷனில் ஒரு கை பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். அதற்குப் பிறகும் முழுத் துப்பாக்கி வாங்க அவசரம் இல்லை. மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 போன்றவற்றில் குழலைக் கழற்றி 26 அல்லது 28 அங்குலக் குழல் மாட்டிக்கொள்ளலாம். வாங்கும் முன் மேகசின் குழாயின் நீளத்தைப் பாருங்கள். மாஸ்பெர்க் 500இல் ஆறு தோட்டா மாடலுக்கான குழல் எட்டுத் தோட்டா மாடலில் பொருந்தாது.