பெட்டியில் நம்ம ஊர் பெயர், உள்ளே சீன மிக்ஸி

கேள்வி: மகளின் கல்யாணச் சீருக்கு மிக்ஸி வாங்கப் போனேன். நம்ம ஊர் கம்பெனி என்று நம்பி எடுத்த பெட்டியின் அடியில், பொடி எழுத்தில் சீனாவில் தயாரானது என்று போட்டிருந்தது. கோயம்புத்தூரில் செய்த இன்னொரு மிக்ஸி 900 ரூபாய் அதிகம். இது ஏமாற்று வேலையா? எதை வாங்கட்டும்?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: ஏமாற்று இல்லை அம்மா. வெளிநாட்டில் ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்குப் பொருள் செய்து தரும். இங்கிருக்கும் கம்பெனி ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்து, தன் பெயரை ஒட்டி விற்கும். பாகங்களை வார்க்கும் அச்சைச் சொந்தமாகச் செய்யும் செலவு மிச்சம், அதனால்தான் விலை குறைகிறது. எந்த நாட்டில் தயாரானது என்பதை மறைத்தால்தான் தவறு.

நம் ஊரில் செய்தது என்றால் எல்லாமே நம் ஊருடையது என்றும் நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் செல்போனுக்குள் இருக்கும் சிப் வெளியிலிருந்துதான் வருகிறது. அதனால் நாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கெட்டுப்போனால் யார் சரி செய்வார் என்று பாருங்கள்.

இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் பாரிமுனையில் ஒரு கடையில் இறக்குமதி மிக்ஸி வாங்கினேன். ஏழே மாதத்தில் ஜாருக்கு அடியில் அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்துவிட்டது. கடைக்காரர், "இந்த மாடல் இப்போ வர்றதில்லை சார்" என்றார். புரசைவாக்கத்தில் ரிப்பேர் கடைகளில் ஏறி இறங்கினேன், எந்தக் கப்ளரும் பொருந்தவில்லை. மோட்டார் நன்றாக ஓடியது. ஆனாலும் ஒரு சின்ன ரப்பர் துண்டுக்காக முழு மிக்ஸியையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

கோயம்புத்தூர் மிக்ஸி, கிரைண்டர்களுக்கு இந்தக் கஷ்டம் பெரும்பாலும் இல்லை. மோட்டார், பம்ப், கிரைண்டர் என்றே வளர்ந்த ஊர் அது. அங்குள்ள வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. கார்பன் பிரஷ், புஷ், கப்ளர் எல்லாம் சென்னையில் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். மோட்டார் கருகினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை (காயில்) மறுபடி கட்டித் தர ஆளும் இருக்கிறார். சீர் கொடுப்பது பல வருடம் உழைக்கத்தானே? அந்த 900 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள்.

சரி, இறக்குமதிப் பொருள்தான் வாங்குவது என்றால் பெட்டியை நன்றாகப் படியுங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

அப்புறம், பில் வாங்க மறக்காதீர்கள். பழுதான பொருளால் ஷாக் அடித்தோ தீப்பிடித்தோ பாதிப்பு வந்தால், செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், அவர் நம் நாட்டுச் சட்டத்துக்குள் வராவிட்டாலும், விற்ற கடைக்காரரிடமே இழப்பீடு கேட்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு வழி செய்கிறது. பில் இல்லையென்றால் அங்கே வாங்கியதை நிரூபிக்கவே திண்டாட வேண்டியிருக்கும். புகாருக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: பேரனுக்குப் பொம்மை வாங்க வேண்டும். சீனப் பொம்மையே கூடாது என்கிறாள் மருமகள். சரியா?
– வாசகர், தாம்பரம்

பதில்: சீனாவா இந்தியாவா என்பதைவிட ஐஎஸ்ஐ முத்திரை முக்கியம். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு அது கட்டாயம், எந்த நாட்டில் செய்திருந்தாலும் சரி. முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, இந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு என்று தெரியும். நடைபாதையில் குவித்து விற்கும் முத்திரையில்லாத பிளாஸ்டிக் பொம்மையை, வாயில் வைத்துக் கடிக்கும் வயதுக் குழந்தைக்குத் தயவுசெய்து வாங்காதீர்கள், அது இங்கேயே செய்ததாக இருந்தாலும்.