கால்பந்தில் ரெட் கார்டு தண்டனை அளவுக்கு மீறியதா?

எல்லா ரெட் கார்டுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. ஆளை அடித்ததற்கும், காலை முறிக்கிற மாதிரிப் பாய்ந்ததற்கும் கொடுத்தால் அது துளியும் அதிகம் இல்லை. இரண்டு சில்லறைத் தவறுகளுக்கு எச்சரிக்கையாக வாங்கிய இரண்டு மஞ்சள் அட்டைகள் சேர்ந்து சிவப்பாகும்போது அதிகம்தான். களத்தில் இரண்டுக்கும் ஒரே விலை என்பதுதான் என் குறை.

ரெட் கார்டு வாங்கியவர் உடனே வெளியே போக வேண்டும். அவருக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. மீதி நேரம் முழுக்க அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். போதாததற்கு அடுத்த ஆட்டத்துக்கும் தடை. குற்றம் பெரிது என்றால் தடை இன்னும் நீளும்.

"ஒருத்தன் செஞ்ச தப்புக்கு மொத்த டீமையும் ஏன் தண்டிக்கணும்?" என்று பலர் கேட்கிறார்கள். அவர்கள் 1982 உலகக் கோப்பை அரையிறுதியை ஒருமுறை பார்க்க வேண்டும். செவில்லில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் ஆடின. பிரான்ஸின் பாட்டிஸ்டன் மாற்று ஆட்டக்காரராக இறங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. பந்தைத் துரத்தி ஓடி வந்தவர் மேல் ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாகர் எகிறிப் பாய்ந்து மோதினார். பாட்டிஸ்டன் நினைவிழந்தார், பற்கள் போயின, முதுகெலும்பிலும் அடி. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பிரான்ஸ் கேப்டன் பிளாட்டினி அவர் கையைப் பிடித்தபடியே கூட நடந்தார். நடுவர் கொடுத்தது என்ன தெரியுமா? கோல் கிக், அதாவது பந்து ஜெர்மனிக்கே. ஃபவுல்கூட இல்லை. அந்தக் காலத்தில் இரண்டு மாற்று ஆட்டக்காரர்களுக்குத்தான் அனுமதி. அடிபட்டவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கியதோடு பிரான்ஸின் கணக்கு முடிந்தது. ஜெர்மனியோ பதினொரு பேரோடு ஆடியது. 3-3 என முடிந்து பெனால்டி ஷூட்-அவுட் வந்தபோது, இரண்டு பெனால்டிகளைத் தடுத்துத் தன் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர் அதே ஷூமாகர். அணியைத் தண்டிக்காமல் விட்டால் லாபம் யாருக்குப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, அப்படியென்றால் எங்கே அதிகம்?

முதலில் நேரம். ஒரே ஃபவுலை ஐந்தாவது நிமிடத்தில் செய்தால் அணி எண்பத்தைந்து நிமிடம் பத்துப் பேரோடு தவிக்கும்; எண்பத்தைந்தாவது நிமிடத்தில் செய்தால் ஐந்து நிமிடத்தோடு போச்சு. 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில், பாரிஸில், ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் 18-வது நிமிடத்திலேயே வெளியேற்றப்பட்டார். பாக்ஸுக்கு (கோல் முன்னால் உள்ள பெனால்டி கட்டத்துக்கு) வெளியே வந்து பார்சிலோனாவின் எட்டோவின் காலை வாரிவிட்டார், உண்மைதான். ஆனால் உருண்டு போன பந்தை அதே அணியின் ஷூலி காலி வலைக்குள் தட்டிவிட்டார். நடுவர் அதற்குள் விசில் ஊதிவிட்டதால் அந்த கோல் செல்லவில்லை. ஒரு நொடி பொறுத்திருந்தால் பார்சிலோனாவுக்கு கோல், லேமனுக்கு மஞ்சள் அட்டை என்று முடிந்திருக்கும். ஆர்சனல்காரர்களே அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பார்கள். மாறாக, எழுபது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேராக ஓடி, கேம்பெல் அடித்த கோலால் முன்னிலைகூடப் பெற்று, கடைசிக் கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கி 2-1 என்று தோற்றார்கள். பார்சிலோனா அன்று ஜெயித்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓர் இறுதிப் போட்டியே பாதியில் வேறு ஆட்டமாகிப் போனதுதான் வருத்தம்.

உள்ளூர் போட்டிகளில் நான் நடுவராக நின்றிருக்கிறேன். ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே ஒருவர் தாமதமாகச் சறுக்கி வந்து எதிராளியின் முழங்காலுக்குக் கீழே ஸ்டட்ஸைப் பதிப்பார். கை சட்டைப்பைக்குப் போவதற்குள் நான்கு பேர் சுற்றி நின்றுகொண்டு "சார், இப்பத்தான் சார் ஆரம்பிச்சிருக்கு, மேட்ச்சே போயிடும் சார்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. தண்டனை இவ்வளவு கனமாக இருந்தால் எந்த நடுவருக்கும் கை தயங்கத்தான் செய்யும். பெரிய ஆட்டங்களிலும், முதல் பத்து நிமிடத்தில் சிவப்பு வர வேண்டிய இடத்தில் மஞ்சள் வருவதைப் பார்க்கத்தானே செய்கிறோம்? கடுமை கூடக்கூட, தப்பித்துக்கொள்வது ஆபத்தாக ஆடுபவர்தான்.

அடுத்து இரண்டாவது மஞ்சள் அட்டை. 2022 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக, தொண்ணூறு நிமிடம் முடிந்து ஈடுகட்டத் தந்த நேரத்தில், தலையால் முட்டி கோல் போட்ட கேமரூனின் அபூபக்கர், ஜெர்சியைக் கழற்றிக் கொண்டாடினார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருந்தது, இது இரண்டாவது. நடுவர் சிரித்தபடி அவருக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் ரெட் கார்டைக் காட்டினார். கைகொடுத்து வாழ்த்தத் தோன்றுகிற ஒரு செயலுக்கும் வெளியேற்றமா?

தடை விஷயத்தில் எனக்கு மறக்காதது பிரான்ஸின் லோரான் பிளாங்க். 1998 அரையிறுதியில் குரோஷியாவின் பிலிச்சைக் கையால் தள்ளினார். கை பட்டது தாடைப் பக்கம். பிலிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சிவப்பு. சொந்த மண்ணில் பிரான்ஸ் முதன்முறையாக உலகக் கோப்பை வென்ற அந்த இறுதிப் போட்டியில் பிளாங்க் ஆட முடியவில்லை. அந்த மாதிரித் தடையை வீடியோ பார்த்து நீக்க எல்லாத் தொடர்களிலும் வழி இருக்க வேண்டும்.

விதியை வகுப்பவர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை. முன்பு பாக்ஸுக்குள் கோல் வாய்ப்பைக் கெடுத்தால் பெனால்டி, சிவப்பு, தடை மூன்றும் சேர்ந்து வரும். 2016-ல் அதைத் தளர்த்தினார்கள். பந்தை எடுக்க முயன்று தவறியவருக்கு இப்போது பெனால்டியோடு மஞ்சள் மட்டும்தான். பிடித்து இழுத்தால் பழையபடி சிவப்பு. நல்ல மாற்றம்.

இன்னும் ஒரு படி போகலாம். ரக்பியில் இப்போது 20 நிமிட ரெட் கார்டு வந்திருக்கிறது. தவறு செய்தவர் திரும்ப வர முடியாது, ஆனால் இருபது நிமிடம் கழித்து வேறொருவர் இறங்கலாம். வேண்டுமென்றே ஆபத்தாக ஆடினால் மட்டும் முழு வெளியேற்றம். கால்பந்தில் இரண்டு மஞ்சளுக்கும், கோல் வாய்ப்பைக் கெடுத்ததற்கும் இது போதும்.

அதே ரக்பியில் புள்ளி விழப்போவதை முறைகேடாகத் தடுத்தால் நடுவரே 'பெனால்டி ட்ரை' என்று அந்தப் புள்ளிகளைக் கொடுத்துவிடுவார். அதையும் கால்பந்துக்குக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் சில நேரம் ரெட் கார்டு போதாமலும் போகிறது. 2010 உலகக் கோப்பை காலிறுதியில் கூடுதல் ஆட்ட நேரத்தின் கடைசி நிமிடத்தில், வலைக்குள் போகவிருந்த பந்தை உருகுவேயின் சுவாரஸ் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்தார். அவருக்குச் சிவப்பு, கானாவுக்கு பெனால்டி. கியான் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுப் போனது, பிறகு ஷூட்-அவுட்டில் உருகுவே ஜெயித்தது. அன்று நேராக கோல் என்று கொடுத்திருந்தால் கானா அரையிறுதிக்குப் போயிருக்கும். ஓர் ஆப்பிரிக்க அணி அந்த இடத்துக்கு வர 2022-ல் மொராக்கோ வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.