ஆய்வகத்தில் வேலை செய்கிறது; சந்தைக்குக் கொண்டுபோக மானியம் உண்டா?

கேள்வி: சேலம் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடை உறிஞ்சும் ஒரு பொருளை என் பேராசிரியர், நான், இன்னொரு ஆய்வு மாணவர் மூவரும் சேர்ந்து உருவாக்கியிருக்கிறோம். ஒரு கட்டுரை வெளிவந்துவிட்டது, அடுத்தது தயாராகிறது. எங்கள் யாருக்கும் தொழில் அனுபவம் இல்லை. தொழில் வழிகாட்டியோடு சேர்ந்து வேலை செய்ய உதவும் மானியம் இருக்கிறதா? அதற்குக் கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: கம்பெனியை இப்போது பதிவு செய்யாதீர்கள். வாங்க ஆள் இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே கம்பெனி தொடங்கினால் ஆண்டுக் கணக்கு, தணிக்கை, ஆடிட்டர் கட்டணம் என்று செலவு ஓடத் தொடங்கிவிடும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, தமிழக அரசின் டான்சீட் (புதுத் தொழில்களுக்கான தொடக்க நிதி) ஆகியவற்றுக்குப் பதிவு செய்த நிறுவனம் வேண்டும். உங்களுக்கு அவை அடுத்த கட்டம். விதை நிதிக்குப் பதிவாகி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு இருக்கிறது. அவசரப்பட்டுப் பதிவு செய்தால் அந்தக் காலம் வீணாகக் கரையும்.

உங்கள் நிலையில் இருக்கும் குழுவுக்கென்றே வந்த ஏற்பாடு அமெரிக்காவில் தொடங்கியது. அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் ஐ-கார்ப்ஸ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகக் குழு ஒன்றுக்கு 50,000 டாலர். குழுவில் மூன்று பொறுப்புகள்: தொழில்நுட்பத்தை அறிந்த பேராசிரியர், தொழிலை முன்னெடுக்கும் ஆள், வெளியிலிருந்து வரும் தொழில் வழிகாட்டி. தொழிலை முன்னெடுப்பவர் பெரும்பாலும் ஆய்வு மாணவராகவோ முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளராகவோ இருப்பார். ஏழு வாரத்தில் குறைந்தது நூறு பேரை, அதாவது வாங்கக்கூடியவர்களையும் அந்தத் துறையில் இருப்பவர்களையும் குழு சந்தித்துப் பேச வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பயணத்துக்கும் இந்தச் சந்திப்புகளுக்கும்தான். ஆய்வகக் கருவி வாங்க அல்ல.

இதே முறையைப் பின்பற்றி நம் ஊரில் நடப்பது சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள கோபாலகிருஷ்ணன் தேஷ்பாண்டே மையத்தின் ஐ-இன்குபேட் பயிற்சி. முதலில் தட்ட வேண்டிய கதவு அது. கூடவே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தைப் பாருங்கள். முன்மாதிரி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தனிநபராக விண்ணப்பிக்கலாம், பிரயாஸ் மையமாக இயங்கும் இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் அமைப்பு) வழியாகத்தான் போக வேண்டும். பட்டம் முடித்ததும் வேலைக்குப் போகாமல் இதிலேயே இறங்க நினைத்தால் நிதி-இ.ஐ.ஆர். மாதம் 30,000 ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. தமிழகத் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் என்ற மானியம் பிரயாஸைவிடச் சிறியது: முதல் வகை 2 லட்சம், இரண்டாம் வகை 5 லட்சம் வரை. நிபந்தனைகளும் கடைசித் தேதிகளும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கு வரும் விண்ணப்பங்கள் பல, ஆராய்ச்சித் திட்ட முன்மொழிவைப் போலவே எழுதப்படுகின்றன. இரண்டு பக்கம் வேதியியல், வரைபடங்கள், கடைசியில் 'கிராம மக்களுக்குப் பெரிதும் பயன்படும்' என்று ஒரு வரி. தேர்வுக் குழுவுக்கு வேண்டியது அந்தக் கடைசி வரியின் விவரம்.

உங்கள் பொருளையே எடுத்துக்கொள்வோம். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிலை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆகவே காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் ஊரில் உங்கள் வடிகட்டிக்குக் காசு கொடுப்பவர் யார்? ஊராட்சியா, பள்ளிக்கூடமா, இருபது லிட்டர் கேன் விற்கும் ஆர்.ஓ. பிளான்ட் உரிமையாளரா, வீட்டுக்கு வடிகட்டி விற்கும் நிறுவனமா? நால்வரும் வாங்கும் விதம் வேறு. ஊராட்சிக்கு டெண்டர், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஒப்புதல். ஆர்.ஓ. பிளான்ட்காரருக்கு மாதச் செலவு குறைந்தால் போதும். வடிகட்டி நிறுவனத்துக்கு உங்கள் பொருள் கிலோ என்ன விலை, டன் கணக்கில் ஒரே தரத்தில் வருமா என்பதே பேச்சு.

டேங்க் ஆபரேட்டர் ஒருவரிடம் போய் 'இப்படி ஒரு வடிகட்டி வந்தால் வாங்குவீர்களா' என்று கேட்காதீர்கள். யாரும் 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். 'போன தடவை வடிகட்டி பழுதானபோது என்ன செய்தீர்கள், யார் வந்தார்கள், எவ்வளவு செலவு, அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது' என்று கேளுங்கள். உறிஞ்சித் தீர்ந்த பொருளை எங்கே கொட்டினார்கள் என்றும் கேளுங்கள். ஃபுளோரைடை நீக்க ஏற்கெனவே பயன்படும் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டிகளைக் காஸ்டிக் சோடாவும் அமிலமும் கொண்டு திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தெரிந்த ஆள் ஊரில் இல்லையென்றால் கருவி சும்மா நிற்கும். உங்கள் பொருளின் உண்மையான போட்டி இந்த இடத்தில்தான்.

இன்னொன்று: காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஃபுளோரைடு கலந்து எடுத்த முடிவுகளோடு போகாதீர்கள். கிணற்று நீரில் பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து வந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கலாம். நாலைந்து ஊர்த் தண்ணீரில் சோதித்த ஒரு அட்டவணை, எந்தப் புகழ்பெற்ற ஆய்விதழில் வந்த கட்டுரையைவிடவும் விண்ணப்பத்தில் பேசும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு ஆர்சனிக்கை நீக்க உருவாக்கிய அம்ரித் தொழில்நுட்பமும் ஆய்வகத்தோடு நிற்காமல் ஊர்களில் நிறுவப்பட்ட பிறகே நிலைபெற்றது.

வழிகாட்டியாக யாரைப் பிடிப்பது? பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதற்காக மட்டும் பிடிக்காதீர்கள். தண்ணீர் சுத்திகரிப்புச் சாதனங்களை விற்றவர், அல்லது அரசு டெண்டரில் பொருள் கொடுத்துப் பில் பாஸாகக் காத்திருந்தவர் வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் தர முடியுமா, மூன்று பேருக்காவது அறிமுகம் செய்து வைப்பாரா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். முதல் சந்திப்பிலேயே பங்கு கேட்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

குழுவின் முகமாக உங்கள் பேராசிரியரை வைக்காமல் நீங்களே முன்னால் நில்லுங்கள். அவருக்கு வகுப்பும் நிர்வாகமும் இருக்கிறது, ஊர் ஊராகச் சுற்ற முடியாது. இதை அவரிடம் இப்போதே மரியாதையோடு பேசிவிடுங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு, காப்புரிமை கல்லூரிக்கா, கம்பெனி வந்தால் கல்லூரி எந்த நிபந்தனையில் உரிமம் தரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் வந்த பிறகு பேசினால் உறவு முறியும். அதை நிறையக் குழுக்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கடைசியாக, மிக அவசரமானது. அந்த இரண்டாவது கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள். வெளியான விஷயத்துக்குக் காப்புரிமை வாங்குவது கடினம். அமெரிக்காவில் ஆய்வாளர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு. இந்தியச் சட்டத்தின் அவகாசம் மிகச் சில சூழல்களுக்கு மட்டுமே பொருந்தும், அதை நம்ப முடியாது. முதலில் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விவரித்துக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுக்கும் முதற்கட்ட ஆவணம்) தாக்கல் செய்யுங்கள், முழு விவரக்குறிப்புக்குப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். 2021-இல் விதி திருத்தப்பட்டதிலிருந்து கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை இருக்கிறது. கல்லூரியின் காப்புரிமைப் பிரிவுக்கு முதல் கட்டுரையின் வெளியீட்டுத் தேதியையும் இரண்டாவதன் வரைவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். தாக்கல் எண் கைக்கு வந்த மறுநாள் கட்டுரையை அனுப்பலாம், மானிய விண்ணப்பத்திலும் அந்த எண்ணைக் குறிப்பிடலாம்.