கேள்வி பதில்: தண்டோடு ஒட்டிப்போன டிராக்டர் ஹப்

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் உர வண்டி இழுக்கும் பழைய அமெரிக்க டிராக்டரின் பின்சக்கரங்களைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். உருண்டையான அச்சுத் தண்டில் ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) இறுகிவிட்டது. போல்ட்டுகளைக் கழற்றிப் பெரிய சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. என்ன செய்யலாம் ஐயா? (வாசகர், நிபோங் தெபால்)

பதில்: முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். ஹப் வார்ப்பிரும்பு, விளிம்பில் அடித்தால் வெடிப்பு விழும். உரம் இழுக்கும் வண்டி என்கிறீர்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. நம் ஊர் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரித்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் இந்த இறுக்கம்.

உருண்டைத் தண்டு வகையில் ஹப்புக்கும் தண்டுக்கும் இடையே சரிவான ஆப்பு உறை இருக்கும். அதன் முகத்தில், கழற்றிய போல்ட்டுகளின் துளை போக, மரையுள்ள வேறு துளைகளும் தெரியும். அவை ஆப்பைத் தள்ளி வெளியே எடுப்பதற்கென்றே வைத்தவை. பெயின்டும் மண்ணும் அடைத்திருந்தால் கம்பியால் குடைந்து, டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். பழைய அமெரிக்க வண்டியில் அங்குல மரைதான். மில்லிமீட்டர் போல்ட் இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். உயர்ரக போல்ட்டில் கிரீஸ் தடவி, அந்தத் துளைகளில் விட்டு, இருபுறமும் மாறி மாறிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பே, ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவு கலந்து, ஒட்டிய இடுக்கில் காலை மாலை விடுங்கள். இரண்டும் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். போல்ட்டை இறுக்கிய நிலையிலேயே இரவு விடுவது நல்லது. காலையில் 'டக்' என்று சத்தம் கேட்டு விட்டிருப்பதும் உண்டு. அப்படியும் விடவில்லையா? ஹப்பின் கழுத்தில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணையாக வைத்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் தட்டுங்கள். பலம் வேண்டாம், அதிர்வு போதும்.

கடைசி வழி நெருப்பு. அதற்கு முன் டயரையும் ரிம்மையும் ஹப்பிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். சூடேறும் டயருக்குள் ரப்பர் வாயு சேர்ந்து வெடித்து ஆள் போயிருக்கிறது. காற்றை மட்டும் இறக்குவது போதாது. அசிட்டோன் வாடை முழுதும் போன பிறகு, ஹப்பை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள், தண்டை அல்ல. தண்ணீர்த் துளி சுர்ரென்று ஆவியானால் அளவு சரி. சிவக்க விடாதீர்கள், தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். அச்சு உறைக்கு அருகே ஈரத்துணி சுற்றினால் எண்ணெய் சீல் பிழைக்கும்.

தூக்குவதற்கு முன் ஒன்று: முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடும். அதற்கும் சட்டத்துக்கும் நடுவே இருபுறமும் கட்டை ஆப்பு அடிக்காமல் பின்னால் தூக்கினால் வண்டி சாய்ந்துவிடும். ஜேக்கை மட்டும் நம்பாமல் அச்சு உறையின் கீழ் ஸ்டாண்டு வையுங்கள். டயரில் தண்ணீர் ஏற்றியிருந்தால் வெளியேற்றிவிட்டே கழற்றுங்கள்.

கேள்வி: தள்ளும் போல்ட் துளைக்குள்ளேயே உடைந்துவிட்டதே? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: முனை கொஞ்சம் வெளியே தெரிந்தால் அதன் மேல் ஒரு நட்டு வைத்து வெல்டிங் செய்யுங்கள். ஆறும்போது பிடி தளரும், ஸ்பேனரால் திருப்பலாம். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை அந்த ஹப்பிலேயே மாட்டுங்கள். வண்டியின் வேறு இடத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும். பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மாஸி பெர்குசன் 135-இன் பின் ஹப்பை எப்படிக் கழற்றுவது? (வாசகர், செந்தூல்)

பதில்: கழற்றவே வேண்டாம். அதில் அச்சுத் தண்டும் சக்கரம் பூட்டும் தட்டும் ஒரே துண்டு. உங்களிடம் ஒட்டியிருப்பது சக்கரத் தட்டாகத்தான் இருக்கும். எல்லா நட்டையும் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, வண்டியைச் சமதரையில் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள், விட்டுவிடும். நட்டுகளை முழுதாகக் கழற்றிவிட்டு இதைச் செய்யாதீர்கள்.